பூ முடிந்த மூன்று வாரங்கள்: அசேலியா போன்சாயை அடுத்த ஆண்டுக்குத் தயார் செய்தல்

அசேலியா போன்சாய் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "வாங்கின வருஷம் இலை தெரியாம பூத்துச்சு. அடுத்த வருஷம் நாலு பூகூட வரலையே, ஏன்?" மரத்தைப் பார்த்தால் நோயும் இருக்காது, வாட்டமும் இருக்காது. இலை பச்சைப்பசேல் என்று இருக்கும். குற்றம் பெரும்பாலும் கத்தரித்த தேதியில் இருக்கும்.

இதற்குத் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை இவ்வளவுதான். பூ முடிந்ததும் அசேலியா புதுத் தளிர் விடும். கோடையின் பிற்பகுதியில் அந்தத் தளிர்களின் நுனியிலேயே அடுத்த ஆண்டுக்கான பூமொட்டை வைத்துவிடும். பிறகு குளிர்காலம் முழுக்க மொட்டோடு காத்திருக்கும். ஆகவே பூ முடிந்தவுடன் வெட்டினால் மரத்துக்கு மறுபடி தளிர்த்து மொட்டு வைக்க நேரம் கிடைக்கும். இரண்டு மாதம் கழித்து "காடு மாதிரி வளர்ந்திருக்கிறதே" என்று வெட்டினால், அடுத்த ஆண்டுப் பூவை வெட்டிக் குப்பையில் போடுகிறீர்கள்.

முதலில் உங்கள் ஊரைப் பாருங்கள்

இந்த அத்தியாயம் ஜப்பானின் சாட்சுகி அசேலியாவை மையமாக வைத்து எழுதப்பட்டது. போன்சாய்க்கு அதிகம் பழக்கப்பட்ட அசேலியா இதுதான். இலை சிறியது, அடிமரம் நன்றாகத் தடிக்கும், பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். எடோவில் (இன்றைய டோக்கியோ) நாற்றங்கால் நடத்திய இத்தோ இஹே என்பவர் 1692இலேயே அசேலியாக்களுக்கென்று தனி நூல் வெளியிட்டார். அவ்வளவு பழைய வளர்ப்பு மரபு என்பதால் இதில் ரகங்கள் ஏராளம்.

ஊட்டி, குன்னூர், கோடைக்கானல், இலங்கையின் நுவரெலியா போன்ற குளிர்ந்த மலையூர்களில் இருப்பவர்கள் தைரியமாக வளர்க்கலாம். லண்டன், டொரொன்டோ போன்ற ஊர்களில் இருப்பவர்களும் வளர்க்கலாம். குளிர்காலப் பாதுகாப்பு மட்டும் கூடுதலாக வேண்டும். சென்னை, மதுரை, யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அங்கே மொட்டு முதிரத் தேவையான குளிர் கிடைக்காது. தண்ணீரிலும் சுண்ணாம்பு அதிகம். அந்த ஊர்களில் காகிதப்பூவும் அடீனியமும் போன்சாயாக அற்புதமாக வரும். அசேலியாவை வாங்கிக் கொல்ல வேண்டாம்.

ஜப்பானில் சாட்சுகி மே கடைசியிலிருந்து ஜூன் வரை பூக்கும். வெறுமனே "அசேலியா" என்று எழுதி விற்கப்படும் செடிகள் பல சாட்சுகி அல்ல. அவற்றின் பூக்காலம் முன்பின்னாக இருக்கும். எனவே மாதப் பெயரை நம்பி வேலை செய்யாதீர்கள். உங்கள் மரத்தின் பூ முடிந்த தேதியை ஒரு அட்டையில் எழுதி, தட்டில் செருகிவையுங்கள். இனிவரும் கணக்கெல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான்.

பூ இருக்கும்போதே

1. மரத்தை வெயிலிலிருந்து எடுத்து, காலை வெளிச்சம் மட்டும் படும் நிழலில் வையுங்கள். பூ அதிக நாள் நிற்கும்.

2. தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள், பூவில் படக் கூடாது. நனைந்த இதழில் பழுப்புப் புள்ளி விழுந்து, ஒரே நாளில் கொழகொழவென்று ஆகிவிடும். மழை வந்தால் தாழ்வாரத்துக்குள் வைத்துவிடுங்கள்.

3. உரம் எதுவும் வேண்டாம்.

4. பல நிறத்தில் பூக்கும் ரகமாக இருந்தால் கிளைகளுக்கு அடையாளம் கட்டுங்கள். வெள்ளையில் கோடு போட்டுப் பூக்கும் ரகங்களில் சில கிளைகள் முழுச் சிவப்பாகவோ முழு ரோஜா நிறமாகவோ பூக்கும். இந்த ஒரே நிறக் கிளைகள் மெல்ல மெல்ல மரம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பூ போன பிறகு எந்தக் கிளை எது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போதே சிவப்பு நூல் கட்டிவிட்டால், கவாத்தின்போது அந்தக் கிளைகளைக் கூடுதலாகக் குறைத்து வைக்கலாம்.

5. கடைசிப் பூவும் உதிரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் மிச்சத்தையும் பறித்துவிடுங்கள். மனசு கேட்காதுதான். பறித்ததைக் கிண்ணத்தில் நீர் ஊற்றி மிதக்கவிடுங்கள். இப்படி மிச்சமாகும் பத்து நாள் மரத்துக்கு மிகவும் பெரியது.

கவாத்து: மூன்று வாரத்துக்குள் முடியுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

வாடிய பூவை இழுத்தால் இதழ்க்குழல் மட்டும் கையோடு வந்துவிடும். உற்றுப் பாருங்கள்: காம்பு நுனியில் ஒரு சிறு பச்சைக் குமிழும் அதிலிருந்து நீண்ட ஒரு மெல்லிய இழையும் நிற்கும். அந்தக் குமிழ்தான் சூல்பை. அதை விட்டால் விதைக்காய் முதிரும், மரத்தின் சத்து அங்கே போகும். "பூவெல்லாம் பறித்துவிட்டேன்" என்று சொல்பவர்களின் மரத்தில் பாதிக்கு மேல் இந்தக் குமிழ் அப்படியே இருக்கும்.

இன்னும் கொஞ்சம் கீழே பாருங்கள். பூக்காம்பு தொடங்கும் இடத்தைச் சுற்றி, பிசுபிசுப்பான பழுப்புச் செதில்களுக்கு நடுவே, மூன்று முதல் ஐந்து சிறு தளிர்கள் வட்டமாகக் கிளம்பியிருக்கும். அடுத்த ஆண்டுப் பூ இவற்றில்தான் இருக்கிறது. ஐந்தையும் விட்டால் அந்த இடம் முடிச்சாகத் தடித்துவிடும்; உள்ளே வெளிச்சம் போகாது; ஒவ்வொரு தளிரும் மெலிந்து, மொட்டு வைக்கும் வலு இல்லாமல் நிற்கும்.

தேவையானவை: நுனி கூரான சிறு கத்தரி, சாமணம், ஆல்கஹால் நனைத்த துணி, வெட்டுக்காயப் பசை.

1. கத்தரியை ஆல்கஹாலால் துடையுங்கள். இன்னொரு மரத்துக்குப் போகும்போது மறுபடி துடையுங்கள்.

2. ஒவ்வொரு பூவையும் காம்பின் அடியில் பிடித்து, சூல்பையோடு கிள்ளி எடுங்கள். ஒரு கிளையை முழுக்க முடித்துவிட்டு அடுத்த கிளைக்குப் போனால் விடுபடாது.

3. அடிமரத்திலும் வேரடியிலும் கிளம்பிய பக்கத் தளிர்களை ஒட்ட அறுத்தெடுங்கள். இவை ஆண்டு முழுவதும் வரும். கண்ட அன்றே எடுக்கலாம்.

4. வட்டமாகக் கிளம்பிய தளிர்களில் இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டை மட்டும் விடுங்கள். நேர் மேலே போவது, நேர் கீழே தொங்குவது, நடுவில் தடித்து நிற்பது மூன்றும் வேண்டாம்.

5. விட்ட இரண்டையும் இரண்டு மூன்று இலைகள் நிற்கும்படி நுனி நறுக்குங்கள். அந்த இலைக்கோணங்களிலிருந்து வரும் தளிரே மொட்டு தாங்கும்.

6. உருவக் கோட்டுக்கு வெளியே நீண்ட பழைய கிளைகளை உள்ளே இருக்கும் சிறு கிளை வரை குறையுங்கள். ஆரோக்கியமான மரமாக இருந்தால் இலையில்லாத கட்டை வரைகூட வெட்டலாம், துளிர்க்கும். அந்தப் பகுதியில் மட்டும் அடுத்த ஆண்டு பூ குறையும்.

7. பென்சில் தடிமனுக்கு மேற்பட்ட எல்லா வெட்டுக்கும் பசை தடவுங்கள். அசேலியாவின் காயம் மெதுவாகத்தான் மூடும். திறந்துவிட்டால் உள்கட்டை உளுத்துப்போகும்.

*கவனியுங்கள்:* மற்ற போன்சாய் மரங்களில் உச்சி வேகமாக வளரும். உச்சியை வெட்டி அடியைக் காப்போம். அசேலியா நேர் எதிர். இயல்பில் புதர் என்பதால் அடிக்கிளைகளுக்குத்தான் வேகம் அதிகம், உச்சி பலவீனம். பழக்கதோஷத்தில் உச்சியை ஒட்ட வெட்டியவர்களின் மரம் சில ஆண்டுகளில் தலை காய்ந்து நிற்கும். கீழே தாராளமாக வெட்டுங்கள், மேலே கை அடக்கி வெட்டுங்கள். உச்சியில் இரண்டுக்குப் பதில் மூன்று தளிர் விட்டாலும் தவறில்லை.

கம்பி கட்டுவதென்றால் இப்போதே கட்டலாம். அசேலியா கிளை சட்டென்று முறியும், அதுவும் கவட்டையில் பிளந்துகொள்ளும். முந்தின நாள் தண்ணீரைக் குறைத்தால் கிளை சற்று வளைந்துகொடுக்கும். ஒரே நாளில் முழு வளைவையும் எதிர்பார்க்காதீர்கள்.

கவாத்து முடிந்த மரத்தில் இலை குறைவு, ஆகவே தண்ணீர்த் தேவையும் குறைவு. பழைய அளவிலேயே ஊற்றிக்கொண்டிருந்தால் வேர் அழுகும். புதுத் தளிர் விரியும்வரை மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

மூன்று வாரம் தாண்டிவிட்டதா? கத்தரியை உள்ளே வையுங்கள். ஒன்றிரண்டு நீண்ட தளிரைச் சீர்செய்யலாம். மரம் கலைந்து தெரிந்தாலும் பரவாயில்லை.

மண் மாற்றுதல்

இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். கவாத்து செய்த கையோடு மாற்றலாம். மலையூர்களில் பெருமழை பிடிப்பதற்கு முன் முடிப்பது நல்லது. சோர்ந்த மரத்துக்கு இரண்டையும் ஒரே ஆண்டில் செய்யாதீர்கள்.

ஜப்பானில் இதற்குக் கனுமா மண்ணைத் தவிர வேறு எதையும் நினைக்கமாட்டார்கள். தோச்சிகி மாநிலத்தின் கனுமா நகரப் பகுதியில் தோண்டியெடுக்கப்படும் இளமஞ்சள் எரிமலைக் கல்மண் அது. லேசானது, அமிலத்தன்மை உள்ளது, நீரையும் காற்றையும் ஒருங்கே பிடித்துவைக்கும். இன்னொரு வசதியும் உண்டு: நனைந்தால் அடர்மஞ்சள், காய்ந்தால் வெளிறிய மஞ்சள். தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்பதை நிறமே சொல்லிவிடும்.

விலை கட்டுப்படியாகாவிட்டால், நன்கு மக்கிய பைன் பட்டையும் பெர்லைட்டும், பல தண்ணீரில் அலசிய தென்னைநார்க்கழிவும் கலந்துகொள்ளலாம். தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் சேர்க்காதீர்கள். தட்டுக்குள் இறுகி, தலைமுடி போன்ற மெல்லிய அசேலியா வேருக்கு மூச்சுவிட இடமில்லாமல் செய்துவிடும்.

1. மண்ணைச் சலித்துத் தூசியை நீக்குங்கள்.

2. மரத்தை எடுத்து, வேர்ப்பந்தின் அடியில் மூன்றில் ஒரு பங்கைக் கூரான கத்தியால் அறுத்தெடுங்கள்.

3. பக்கங்களை மூங்கில் குச்சியால் மெல்லக் கோதுங்கள். இரும்பு வாரி வேண்டாம், வேர் கற்றையாகப் பிய்ந்து வரும். அடிமரத்துக்கு நேர் கீழே இருக்கும் பழைய மண்ணை ஒரே தடவையில் காலி செய்யாதீர்கள்.

4. தட்டில் வைத்துக் கம்பியால் அசையாமல் கட்டுங்கள். ஆடும் மரத்தில் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும்.

5. குச்சியால் குத்திக் குத்தி இடைவெளியில் மண்ணை இறக்குங்கள். மேலே ஸ்பாக்னம் பாசியை மெல்லியதாகப் பரப்புங்கள்.

6. அடித்துளையில் தெளிந்த நீர் வரும்வரை ஊற்றி, இரண்டு மூன்று வாரம் காற்றடிக்காத நிழலில் வையுங்கள்.

தண்ணீர்

அசேலியாவுக்கு அமில மண் வேண்டும், பிஎச் அளவு சுமார் 5 முதல் 6 வரை. சுண்ணாம்புள்ள போர்வெல் நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்த அளவு ஏறும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இதுதான் காரணம். இரும்பு கீலேட் தெளித்தால் நிறம் திரும்பும். ஆனால் தண்ணீரை மாற்றாமல் தெளித்துக்கொண்டிருப்பதில் பலனில்லை. மழைநீரைத் தொட்டியில் பிடித்துவையுங்கள். மரத்துக்கு அதைவிட நல்ல நீர் கிடையாது.

வேர்ப்பந்து ஒருமுறை முற்றிலும் காய்ந்தால் பிறகு நீரை உள்ளே விடாது. மேலே ஊற்றியது ஓரமாக வழிந்து ஓடிவிடும். நனைந்துவிட்டது என்று நாமும் நம்பிவிடுவோம். தட்டைத் தூக்கிப் பாருங்கள். கனமில்லையென்றால் தட்டு விளிம்பு வரை வாளி நீரில் இறக்கி, குமிழி நிற்கும்வரை வையுங்கள்.

உரம்

கவாத்துக்குப் பிறகு புதுத் தளிர் கண்ணில் பட்டதும், அதாவது இரண்டு மூன்று வாரத்தில், உரம் தொடங்குங்கள். மண் மாற்றிய மரத்துக்கு ஒரு மாதமாவது பொறுங்கள். ஜப்பானியர் கடுகு இனத்துப் புண்ணாக்கை உருட்டி மண்மேல் வைப்பார்கள். கடலைப் புண்ணாக்கும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நாமும் அப்படியே வைக்கலாம். சிறு துணிப்பையில் கட்டித் தட்டின் ஓரத்தில் வைத்தால் ஈ மொய்க்காது, மழையில் கரைந்து மண்ணை அடைக்காது.

மொட்டு உருவாகும் காலத்தில் தழைச்சத்தைக் குறையுங்கள். யூரியா போட்டால் இலைதான் வரும். மொட்டு கண்ணுக்குத் தெரிந்த பிறகு மணிச்சத்தும் சாம்பல்சத்தும் உள்ள உரத்தைக் கொஞ்சமாகக் கொடுத்து, குளிர் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

*அடிக்கடி நடக்கும் தவறு:* முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு. மாடித்தோட்டத்தில் எல்லாச் செடிக்கும் போடும் கையோடு இதற்கும் போட்டுவிடுகிறார்கள். மூன்றும் மண்ணின் அமிலத்தைக் கெடுப்பவை. அசேலியா பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

மொட்டு வைக்கும் காலம்

பூ முடிந்து ஆறிலிருந்து பத்து வாரத்துக்குள் தளிர் நுனியில் மொட்டு உருவாகத் தொடங்கும். பூமொட்டு நடுவில் உப்பித் தடித்திருக்கும். இலைமொட்டு மெலிந்து கூராக இருக்கும். இந்தக் காலத்தில் வெளிச்சம் மிக முக்கியம். காலை வெயில் நான்கைந்து மணி நேரம் படட்டும். உச்சிவெயிலுக்கு நிழல்வலை போடுங்கள். நீலகிரியில் இதே சமயம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஒளி ஊடுருவும் கூரையின் கீழ் வைத்தால் நனையாமலும் இருக்கும், வெளிச்சமும் கிடைக்கும்.

மொட்டை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான்:

- மொட்டு பழுப்பாகி உலர்ந்து உதிர்ந்தால், ஏதோ ஒரு நாள் தட்டு காய்ந்திருக்கிறது.
- மொட்டில் ஊசித்துளை இருந்தால் உள்ளே புழு இருக்கிறது. துளையுள்ள மொட்டுகளைப் பொறுக்கி அழியுங்கள்.
- இலையின் மேற்புறம் வெளிறி வெள்ளிப்புள்ளி விழுந்திருந்தால், திருப்பிப் பாருங்கள். அடியில் கருப்புப் பிசுக்குப் புள்ளிகளும் கண்ணாடிச் சிறகுள்ள சிறு பூச்சிகளும் இருந்தால் லேஸ் பூச்சி. தூசி போல ஊர்ந்தால் சிவப்புச் சிலந்தி. முதலில் இலையடியில் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். முதலில் நாலைந்து இலையில் சோதித்துப் பார்த்துவிட்டு மரம் முழுக்க அடியுங்கள்.

குளிர்காலம்

பழைய இலைகளில் ஒரு பகுதி மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறி உதிரும். பயப்பட வேண்டாம், அது இயல்பு. மொட்டு சீராக விரிய இந்தக் குளிர் தேவை. "பாவம், நடுங்குகிறது" என்று ஹீட்டர் ஓடும் அறைக்குள் கொண்டுவந்தால் மொட்டு கருகும். ஊட்டியில் உறைபனி விழும் இரவுகளில் தாழ்வாரத்தின் கீழ், சுவரோரம் வைத்தால் போதும். நீர் கட்டியாக உறையும் நாடுகளில், சூடேற்றாத கொட்டகையில் வேரைக் காத்து வையுங்கள். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் இரவில் உறையும்.

பாதுகாப்பு

அசேலியாவின் இலை, பூ, தேன் மூன்றிலும் கிரேயனோடாக்சின் என்னும் நஞ்சு உண்டு. தின்றால் வாந்தி வரும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும். குழந்தைகள் பூவை உறிஞ்சிப் பார்க்காத உயரத்தில் வையுங்கள். வெட்டிய கிளைகளை ஆடு, மாடு, நாய் எட்டும் இடத்தில் கொட்டாதீர்கள். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ போங்கள். வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். கம்பி வெட்டும்போது கண்ணாடி அணியுங்கள். பூ விரிந்திருக்கும் நாட்களில் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள், தேனீக்கள் வரும்.

பூக்கும் முன் கடைசி வேலை

குளிர் முடிந்து மொட்டு பருக்கத் தொடங்கியதும் இரண்டு காரியம் செய்யுங்கள். மொட்டின் அடியிலிருந்து அதைத் தாண்டி வளரும் இலைத்தளிர்களைக் கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் சத்து அவற்றுக்குப் போய் மொட்டு வாடும். ஒரே நுனியில் இரண்டு மூன்று மொட்டு இருந்தால் ஒன்றை விட்டு மற்றதை எடுங்கள். பூ குறைந்தாலும் ஒவ்வொன்றும் பெரிதாக விரியும்.

கிளை மெலிந்து, இலை வெளிறி, சென்ற கோடையில் தளிர் சரியாக வராத மரமாக இருந்தால் எல்லா மொட்டையும் கிள்ளிவிடுங்கள். தேர்ந்த வளர்ப்பாளர்கள் நல்ல மரத்துக்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படி ஓய்வு கொடுப்பார்கள். நோஞ்சான் மரத்தைப் பூக்கவிட்டு ரசித்தால் கிளைகளை இழப்பீர்கள்.